ஹார்லனின் குளிர்கால டயர்கள்

சாயங்காலம் ஐந்து பத்து. ஜனவரி மாதம். மேட்டுச் சாலை.

அந்த ஸ்டவ்வைக் கொஞ்சம் தணியுங்கள், அது போடுகிற சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை... ம். மீன் இன்றைக்குக் கடிக்கப் போவதில்லை. ஏரி நடுவில், பனிக்கட்டி மேல், இந்தப் பலகைக் குடிசைக்குள் ஆறு பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தூண்டில் கயிற்றை வெறித்துப் பார்ப்பதற்கு இதையாவது கேளுங்கள்.

எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளி கோர்டியின் தங்கையைக் கட்டியிருக்கிறானே மைலோ, அவனுக்கு நடந்தது. கோர்டி குடித்துவிட்டுச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவன் காலை ஏழு மணிக்கு, காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் சொன்னான். சொல்லி முடிக்கும்போது காப்பி ஆறிப்போயிருந்தது.

மேட்டுச் சாலை உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு மைல் சரளைக்கல். மரம் கிடையாது. வீடு கிடையாது. இரண்டு பக்கமும் கோதுமை வயல். குளிர்காலத்தில் அதுவும் கிடையாது, வெறும் வெள்ளை. நடுவில் ஒரு மேடு. மேட்டைத் தாண்டி அரை மைலில், டிராக்டர் வயலுக்குள் இறங்குவதற்கு வலது பக்கம் ஒரு மண்பாதை. அந்தச் சாலையில் வண்டியைத் திருப்ப அந்த ஒரு இடம்தான். வேறு எங்கே திருப்பினாலும் பள்ளத்தில்தான் போய் நிற்கும்.

ஐந்து வருடத்துக்கு முந்தைய ஜனவரி. மைலோ அப்போதுதான் ஒரு பழைய பிக்கப் வாங்கியிருந்தான். எஞ்சின் தங்கம். வீலும் டயரும்தான் தரித்திரம். ரிம்மெல்லாம் துரு. காலையில் எழுந்து பார்த்தால் நான்கில் ஏதாவது ஒன்றில் காற்று இறங்கியிருக்கும். டயரில் சாலையைக் கவ்விப் பிடிக்கிற பட்டன் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை.

"உன் டயரைவிட எங்கப்பா மண்டையில முடி ஜாஸ்திடா" என்று கோர்டி கிண்டல் செய்வான். மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று அறுவடை முடிந்தது. மான் வேட்டை முடிந்தது. கிறிஸ்துமஸும் முடிந்தது. மைலோ மாற்றவில்லை.

அன்றைக்குப் புயல் வருகிறது என்று மத்தியானத்திலிருந்தே ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தார்கள். மைலோ டவுனில் மாட்டுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு விரைந்துகொண்டிருந்தான். வெளிச்சம் சுத்தமாகப் போகவில்லை. பனி பொடிப்பொடியாகச் சாலையின் குறுக்கே ஓட ஆரம்பித்திருந்தது. மேட்டின் மேல் ஒரு பிக்கப் ஓரமாக நின்றது. ஹார்லனுடையது.

ஹார்லன் பக்கத்துப் பண்ணைக்காரர், வீடு மேட்டுச் சாலையின் டவுன் பக்க முனையில். அறுபது வயதிருக்கும். மைலோ வீட்டில் மின்சாரம் போனால், கேட்காமலே ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிற ஆள். அவர் வண்டிக் கதவோரம் நின்று கையைத் தூக்கினார்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் வருகிறது. எதிரில் யார் வந்தாலும், ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவோம். தெரிந்தவன், தெரியாதவன், முகத்தில் விழிக்கப் பிடிக்காதவன், எல்லோருக்கும் ஒரு விரல். ஓரமாக நிற்கிறவன் கையைத் தூக்குவான். உன்னைப் பார்த்தேன் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. நாம் கைக்குழந்தையிலேயே கற்றுக்கொள்கிற மரியாதை அது.

மைலோவும் ஒரு விரலைத் தூக்கினான். போய்விட்டான்.

சும்மா வணக்கம் வைத்தார் என்று நினைத்தேன்... இப்படித்தான் அவன் ஒரு வருடம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரிந்தான். கோர்டியிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னான். அந்தக் கை ஒரு முறை இல்லை, மூன்று முறை ஆடியது. அவன் பார்த்தான். காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனான். மேட்டில் நிறுத்தினால் இந்த மொட்டை டயர் மறுபடி கிளம்பாது, நானும் மாட்டிக்கொள்வேன் என்று தோன்றியது. காலை எடுத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் விரலைத் தூக்கினான்.

அவனைத் திட்டத் தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் தோன்றியது. பிறகு, நான் எத்தனை பேருக்கு விரலைத் தூக்கிவிட்டுப் போயிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிரவு மைனஸ் இருபத்தைந்து. காற்று வேறு. மறுநாள் மத்தியானம் பனி அள்ளும் வண்டிக்காரர்தான் ஹார்லனைக் கண்டுபிடித்தார். குளிரில் டீசல் கூழாகி எஞ்சின் நின்றுபோயிருந்தது. அதில் ஆச்சரியமில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். ஊர் குழம்பியது வேறு விஷயத்துக்கு. வண்டிக்குள் இரண்டு கம்பளி இருந்தது. தகர டப்பாவில் மெழுகுவத்தி இருந்தது. தீப்பெட்டி இருந்தது. புயலில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று இங்கே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஹார்லன் இறங்கியிருந்தார். சாலையின் நடுவில், மண்பாதை இருக்கும் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, முட்டி போட்டபடி உறைந்திருந்தார்.

ஏன் இறங்கினார்? யாருக்கும் புரியவில்லை.

சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் மைலோவும் ஒருவன். அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் பன்றிக்கறி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஹார்லனின் மனைவி வெர்னா ஒவ்வொரு ஆணிடமும் போய் மெதுவாகக் கேட்டாள். அன்றைக்கு யாராவது மேட்டுச் சாலையில் வந்தீர்களா என்று. மைலோவிடமும் கேட்டாள். அவன் கிழக்குச் சாலையில் சுற்றிக்கொண்டு போனதாகச் சொன்னான். அவள் சரி என்று தலையாட்டினாள். அவன் தட்டில் இன்னொரு சாண்ட்விச் எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

அதை அவன் தின்றான். அதுதான் தன்னால் மறக்க முடியவில்லை என்று சொன்னானாம். பொய் சொன்னதைவிட, அதைத் தின்றது.

வசந்த காலத்தில் வெர்னா ஹார்லனின் பிக்கப்பை விற்றாள். விற்கும் முன் அதிலிருந்த குளிர்கால வீல் நான்கையும் டயரோடு கழற்றி, கோடைக்கால வீலை மாட்டிக் கொடுத்தாள். கழற்றிய நான்கும் கொட்டகையில் கிடந்தன. அக்டோபரில் அவளே மைலோவுக்குப் போன் செய்தாள். அவன் வண்டிக்கு அது பொருந்தும், வந்து எடுத்துக்கொண்டு போ என்றாள். அவன் வேண்டாம் என்றான். புதுசு வாங்கப் போவதாகச் சொன்னான். அவள் விடவில்லை.

"அவர் போட்டு நாலு வாரம்தான் ஓடுச்சு. வீணாக் கெடக்கு. உனக்கு வேண்டாம்னா காரணத்தைச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்" என்றாள்.

காரணத்தை எப்படிச் சொல்வான்? போய் எடுத்து வந்தான்.

சனிக்கிழமை கோர்டியும் கூடப் போய் மாட்டினான். பழைய நட்டுகள் துருவில் இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு, வீல் ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி, அதன் மேல் ஏறி மிதித்தால்தான் ஒவ்வொன்றும் 'கிர்ர்ரக்' என்று கத்திக்கொண்டு விட்டது. ஹப்பில் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். இரும்பும் எண்ணெயும் கலந்த நாற்றம். ஹார்லனின் டயர் பட்டன்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கற்கள். சாம்பலும் சிவப்பும் கலந்த கல். மேட்டுச் சாலைக் கல்தான், வேறு எங்கேயும் கிடையாது. மைலோ ஸ்குரூடிரைவரை வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் தோண்டி எடுத்தான். ஒரு மணி நேரம்.

"சும்மா கெடைச்ச டயருக்கு இவ்வளவு அலங்காரமா? வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போயி படுக்க வைக்கப் போறியா?" என்று கோர்டி கேட்டான். மைலோ அடுத்த கல்லைத் தோண்டினான். ஜாக்கியில் ஏற்றி, ஒவ்வொரு வீலிலும் எட்டு நட்டையும் எதிரும் புதிருமாக முறுக்கி, இறக்கினார்கள். வண்டிக்கே ஒரு மிடுக்கு வந்துவிட்டது என்கிறான் கோர்டி.

புது வீல் போட்டால் ஐம்பது மைல் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். மைலோ நெடுஞ்சாலையில் போய் வந்தான். வெண்ணெய் மாதிரி ஓடியது. திங்கட்கிழமை மேட்டுச் சாலையில் போனான்.

மேட்டில் ஒன்றும் ஆகவில்லை. தாண்டினான். மூச்சு விட்டான். அரை மைல்... அந்த மண்பாதை வந்தது. ஸ்டியரிங் வலது பக்கம் இழுத்தது.

லேசாகத்தான். ஒருவர் ஸ்டியரிங்கில் இரண்டு விரலை வைத்துத் திருப்புகிற அளவுக்கு. அவன் நேராக்கிக்கொண்டு போய்விட்டான். வீட்டில் போய் நட்டுகளைப் பார்த்தான். இறுக்கமாக இருந்தன. மறுநாளும் அதே இடத்தில் அதே இழுப்பு. டவுனில் சக்கர அலைன்மெண்ட் பார்க்கிறவர் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது, உன் கைதான் கோணல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நவம்பரில் இன்னொன்று ஆரம்பித்தது. மைலோ வண்டியைக் கொட்டகைக்குள் மூக்கு முன்னால் போகும்படி விடுவான், சுவரைப் பார்த்து. காலையில் போனால் வண்டி வாசலைப் பார்த்து நிற்கும். திருப்பி நிறுத்தியிருக்கும். சாவி அவன் படுக்கையறை மேஜை மேல். முதல் நாள் பெண்டாட்டி எடுத்தாளோ என்று நினைத்தான். இரண்டாம் நாள் தானே மறந்துவிட்டோமோ என்று நினைத்தான். மூன்றாம் நாள் கொட்டகை மண்ணைக் கூட்டிச் சுத்தமாக்கிவிட்டு, பூட்டி, பூட்டின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுத்தான். காலையில் வண்டி வாசலைப் பார்த்து நின்றது. மண்ணில் ஒரே அச்சாக, அழகாக, அரைவட்டம். நான்கு டயரின் பட்டனும் பதிந்திருந்தது. ஒரு காலடித் தடம்கூட இல்லை.

டயரைக் கழற்றிப் போடவேண்டியதுதானே என்று கேட்கிறீர்கள். கழற்றலாம். வெர்னா ஏன் என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் மனுஷன் அந்த வண்டியிலேயே மூன்று மாதம் ஓட்டினான். குற்றமுள்ள நெஞ்சுக்குப் பேயைவிட மனுஷன் கேட்கிற கேள்விதான் பெரிய பயம்.

பிறகு ஜனவரி வந்தது. அதே தேதியா என்று கேட்காதீர்கள், கோர்டிக்குத் தெரியாது. அதே மாதிரி நாள். ஐந்து பத்து. பனி சாலையின் குறுக்கே பொடியாக ஓடியது. மைலோ மேட்டைத் தாண்டினான். மண்பாதை நெருங்கும்போதே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

இந்த முறை இரண்டு விரல் இல்லை. ஸ்டியரிங் அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு சுற்றியது. பிரேக்கை மிதித்தான். பிரேக் தரை வரை போனது. டயர்... தன் பாட்டுக்கு உருண்டது. அவசரமே இல்லாமல் மண்பாதைக்குள் இறங்கியது. நின்றது. பின்னால் வந்தது. பழகிய ஆள் திருப்புகிற மாதிரி, ஒரே முறையில், வண்டி திரும்பியது. ஹெட்லைட் மேட்டைப் பார்த்தது.

பட்டனுக்குள் கல் மாட்டியிருக்கிற சத்தம். டிக்... டிக்... டிக்... அவன் தோண்டி எடுத்த கற்கள். வண்டி மேடேற ஏற அந்தச் சத்தம் மெதுவாகியது. மேட்டின் உச்சியில் நின்றுவிட்டது.

வெளியே யாரும் இல்லை. பனி மட்டும். மைலோ முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கதவின் கைப்பிடி கிளிக் என்றது.

குளிர் உள்ளே வந்தது. கதவு சாத்திக்கொண்டது. பக்கத்து சீட்டின் ஸ்பிரிங் கீழே இறங்கியது... மெதுவாக, வயசான ஆள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்கிற மாதிரி. தைல வாசம் அடித்தது. ஹார்லன் தகர டப்பாவில் வைத்துக்கொண்டு மெல்லுவாரே அந்தப் புகையிலை, அதன் வாசம்.

மைலோ திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை என்று சொல்லவில்லை அவன். பார்க்க வெட்கமாக இருந்தது என்றான். பிரேக் மறுபடி காலுக்குக் கட்டுப்பட்டது. ஸ்டியரிங் கைக்குக் கட்டுப்பட்டது. எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்தது. வந்த வழியே ஆறு மைல், ஹார்லன் வீட்டுக்கு. ஆறு மைலும் பக்கத்தில் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. ஹீட்டரை முழுசாகத் திருப்பி, காற்று போகிற வாயைப் பக்கத்து சீட்டுப் பக்கம் வைத்தானாம். அந்தப் பக்கம் பார்க்காமலே.

வெர்னா கதவைத் திறந்தாள். மைலோ உள்ளே போனான். அவள் உடனே சாத்தவில்லை. இன்னொருவர் நுழைகிற நேரம் அளவுக்குத் திறந்து பிடித்திருந்தாள். பிறகுதான் சாத்தினாள்.

சமையலறையில் உருளைக்கிழங்கும் கறியும் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. மைலோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு நான் கிழக்கு ரோட்ல போகல, வெர்னா. மேட்டு ரோட்லதான் வந்தேன். அவரைப் பார்த்தேன். நிறுத்தல."

"தெரியும்" என்றாள் வெர்னா.

அடுப்பை அணைத்தாள். கைத்துணியை மடித்து வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அஞ்சேகாலுக்கு போன் பண்ணார். வண்டி நின்னு போச்சு, ஆனா பயப்படாத, மைலோ இப்பத்தான் போறான், என்னைப் பார்த்துட்டான், விரலத் தூக்கினான், அந்தாண்ட போயி வண்டியத் திருப்பிட்டு வருவான்னு சொன்னார். சாப்பாட்டை ரெண்டு பேருக்கு எடுத்து வை, அவனும் வருவான்னார். அதோட லைன் போயிடுச்சு."

 மைலோ சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"நீ அவர்கூட இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு எட்டு மணி வரைக்கும் நான் யாரையும் கூப்பிடல. அது என் பங்கு. அதை நான் வச்சுக்கறேன். ஊர்ல எல்லாரும் ஏன் இறங்கினார், ஏன் இறங்கினார்னு கேட்டாங்களே... பனி மூடிட்டா உன் கண்ணுக்கு வண்டி தெரியாமப் போயிடுமேன்னு ரோட்டு நடுவுல போயி நின்னிருக்கார். நீ வந்து தேடுவியேன்னு."

அவன் அழுதான். அவள் அழவில்லை. காலையிலேயே அந்த வீல் நான்கையும் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்றான். 

"கழட்டாத" என்றாள். "ஓட்டு. தேயற வரைக்கும் ஓட்டு. அது தேஞ்சு போற அன்னைக்கு எங்கிட்ட வா. மன்னிக்கறதைப் பத்தி அன்னைக்குப் பேசலாம்."

அவ்வளவுதான். அவள் கதவைத் திறந்தாள். அவன் வெளியே வந்தான். பக்கத்து சீட் காலியாக இருந்தது. ஈரமாக இருந்தது.

அதிலிருந்து இது நான்காவது குளிர்காலம். புயல் என்று ரேடியோவில் சொன்னால் போதும், மைலோ சாப்பிடாமல்கூடக் கிளம்பிவிடுவான். டவுன் பக்கமிருந்து வந்து மேட்டைத் தாண்டி, மண்பாதையில் திருப்பி, மறுபடி மேட்டில் வந்து நிறுத்துவான். பக்கத்துக் கதவைத் தானே எட்டித் திறந்து விடுவான். கொஞ்ச நேரம் காத்திருப்பான். கதவு சாத்திக்கொள்ளும். ஆறு மைல் போய் வெர்னா வீட்டு வாசலில் நிறுத்துவான். ஒரு வார்த்தை பேசமாட்டான். புயல் இல்லாத நாளில் வண்டியை விரட்டு விரட்டென்று விரட்டுவான். சரளைக்கல்லில், தார் ரோட்டில், காரணமே இல்லாமல் பக்கத்து மாநிலம் வரை. டயர் தேயட்டும் என்று. எழுபதாயிரம் மைல் ஆகிவிட்டது. நம் டயர் இந்நேரம் மூன்று முறை குப்பைக்குப் போயிருக்கும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் வண்டி பக்கத்தில் மண்டியிட்டு உட்காருவானாம். ஒரு சென்ட் காசை, அதில் இருக்கிற தாடிக்காரரின் தலை கீழே போகும்படி, பட்டனுக்கு நடுவே செருகிப் பார்ப்பான். நாம் எல்லோரும் பார்ப்பதுதானே. பட்டன் தேயத் தேய அவர் தலை வெளியே வரும், நெற்றி தெரிந்துவிட்டால் டயர் முடிந்தது. மைலோவுக்கு அந்த நெற்றியைப் பார்த்துவிட்டால் போதும். பார்த்தால் அப்படியே காசைக் கையில் பிடித்துக்கொண்டு வெர்னா வீட்டுக்கு ஓடலாம். அவளுக்கும் உடம்பு சரியில்லை. அவள் போவதற்குள் அந்த நெற்றி தெரிந்துவிட வேண்டும் என்று அவன் பயந்து சாகிறான்.

போன ஞாயிறு கோர்டி கூட இருந்தான். அவனே காசை வாங்கிச் செருகிப் பார்த்திருக்கிறான். அதைச் சொல்லத்தான் மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்கு வந்தான். டயரை மாட்டிய சனிக்கிழமையன்றும் அவன்தான் அளந்தான், அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குக் காசில் இருக்கிறவர் தாடி வரை மூழ்கினார்.

இப்போது தோளும் மூழ்கிவிட்டது.